மேனேஜருக்கு ஒரு ஃபவுல்

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் பாக்கி விழுந்தாலும் உருளுவது பி.டி. பீரியடின் தலைதான். மழை பெய்தால் மைதானம் சகதி, பீரியட் கிடையாது. வெயில் கொளுத்தினால் பிள்ளைகள் சுருண்டு விழுந்துவிடுவார்கள், அப்போதும் கிடையாது. மழையும் வெயிலும் இல்லாமல் அருமையாகக் காற்று வீசும் நாளில் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். "சார், ஒரே ஒரு பாடம்தான் சார் பாக்கி" என்பார். அவருக்கு எந்த வருஷமும் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி, பாவம்.

நம்முடைய பி.டி. சார் இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. "எடுத்துக்கங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிட்டு, காற்று இறங்கிய பந்துகளுக்குப் பம்பு அடிக்கப் போய்விடுவார். நல்ல மனுஷன் என்று பெயர். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவரை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, அது வேறு விஷயம். ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு மேசைகூடக் கிடையாது. பந்துக் கூடைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவருக்கு, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகு, முதுகலை படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் வந்து படிக்கலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். இரண்டு படிப்புகள் இருந்தன. ஒன்று விளையாட்டு நிர்வாகம். போட்டிகள் நடத்துவது, மைதானங்களைப் பராமரிப்பது, ஆட்களைக் கட்டி மேய்ப்பது. முடித்தால் மேற்பார்வையாளர் பதவி கிட்டத்தட்ட நிச்சயம். இன்னொன்று, மற்றவர்களைப் போல ஓடியாட முடியாத பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தருவது பற்றிய சிறப்புப் படிப்பு. அதை முடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதே பள்ளிக்கூடம், அதே ஸ்டூல்.

நிர்வாகப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மாதக் கடைசிக்குள் சேருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார் அண்ணன். அவர் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர். போனில் பேசினாலே தெருமுனை வரைக்கும் கேட்கும். "தனி ரூம் தருவாங்க, வாசல்ல பேர்ப்பலகை மாட்டுவாங்க. வலிய வர்றதை யாராவது வேணாம்பானா? அந்த இன்னொண்ணு எதுக்கு? சேவை செய்யணும்னா ஞாயித்துக்கிழமை செஞ்சிட்டுப் போ. அதுக்குன்னு ரெண்டு வருஷம் பரீட்சை எழுதுவாங்களா?"

தம்பிக்காரரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. சின்ன வயசில் இவர் வெறுங்காலோடு ஓட்டப்பந்தயம் ஓடியதைப் பார்க்கப் பொறுக்காமல், தன் சைக்கிளை விற்று ஷூ வாங்கிக் கொடுத்த அண்ணன். திட்டினாலும் அது நல்லதுக்குத்தான் என்று தெரியும். "பார்க்கிறேண்ணே" என்று முனகி போனை வைத்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவிதான் முடிச்சை அவிழ்த்தார். மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் முகத்துக்கு முன்னால் லென்சை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்.

"எது வேணும்னு உங்களுக்கே தெரியலையா? எனக்குத் தெரியுதே" என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நிர்வாகப் படிப்பைப் பத்திப் பேசும்போது தட்டு அது பாட்டுக்குக் காலியாகுது. அந்த இன்னொண்ணைப் பத்திப் பேச ஆரம்பிச்சீங்கன்னா சாப்பாடு ஆறி அவலாப் போகுது. இந்த வாரம் முழுக்க உங்க தட்டைச் சூடு பண்ணியே எனக்கு அலுத்துப் போச்சு."

சார் குனிந்து தட்டைப் பார்த்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் மனதுக்குள் மனைவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆறிய சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் மதிய இடைவேளையில் சிறப்புப் படிப்பை நடத்தும் பேராசிரியைக்குப் போன் போட்டார். அந்தம்மா வளவளவென்று பேசுகிற ரகம் இல்லை.

"உங்க வகுப்புல விளையாடாத பிள்ளை யாராவது உண்டா சார்?"

"ஒரு பொண்ணு இருக்கா மேடம். எட்டாவது படிக்கிறா. சக்கர நாற்காலியில வர்றா."

"மத்தவங்க விளையாடும்போது அவ என்ன செய்வா?"

சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தார்! "சும்மா உட்கார வைக்க மாட்டேன் மேடம். வாட்சு, கண்ணாடி, தண்ணி பாட்டில், எல்லாத்தையும் அவகிட்டதான் கொடுத்துட்டு ஓடுவாங்க. ஒண்ணுகூட இதுவரைக்கும் தொலைஞ்சதில்லை. ஆண்டு விழாவுல 'பொறுப்பான மாணவி'ன்னு நானே பரிசு வாங்கிக் கொடுத்தேன்."

அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று சார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"சரி சார்" என்றது குரல் கடைசியில். "ஒரு நாள் வந்து உங்க வகுப்பைப் பார்க்கிறேன். அந்தப் பொண்ணும் வகுப்புல இருக்கணும். பார்த்துட்டு இடம் தரலாமா வேணாமான்னு சொல்றேன். உங்க பள்ளிக்கூடத்துலயேதான் நீங்க பயிற்சி எடுக்கணும், அதனால உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சம்மதமும் வேணும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே மைதானத்து ஓரம், மரத்தடியில் அவள். மடி நிறைய வாட்சுகள். இரண்டு கைப்பிடியிலும் தண்ணீர் பாட்டில்கள் தொங்குகின்றன. சக்கரத்தைச் சுற்றிலும் செருப்புகள். பிள்ளைகள் வைத்த பெயர் 'மேனேஜர்'. "மேனேஜர், என் வாட்ச்!" "மேனேஜர், என் பாட்டில் எங்க?" என்று ஓடிவருவார்கள். அவளும் யாருடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். சாருக்குப் பார்க்கப் பெருமையாக இருக்கும். இத்தனை காலமும் பெருமையாகத்தான் இருந்தது.

இன்றைக்குத்தான் சுருக்கென்றது. அந்தக் குழந்தை ஒரு பந்தைத் தொட்டு இவர் பார்த்ததே இல்லை. பி.டி. வாத்தியார் எவரை எடுத்துக்கொண்டாலும் இதையேதான் செய்வார், அது வேறு. காலில் கட்டுப் போட்டவன், காய்ச்சல் வந்தவள், மூச்சிரைப்புக்காரன், யாராக இருந்தாலும் மரத்தடியில் உட்காரவைத்து எல்லார் வாட்சையும் மடியில் கொட்டிவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். கட்டுப் போட்டவன் கட்டு பிரித்ததும் எழுந்து ஓடிவிடுவான். இவள்? இவளுக்குப் பரிசு வேறு கொடுத்து, மேடையில் நின்று கைதட்டி, அங்கேயே உட்கார்ந்திரு தாயே என்று சொல்லிவிட்டாரே இந்தப் புண்ணியவான். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பள்ளி விட்டதும் நேரே அவளிடம் போனார். வாசலில் அம்மா வரக் காத்திருந்தாள். அம்மா வாடகைக் கார் ஓட்டுகிறவர். நாற்காலியை மடித்து டிக்கியில் போட்டுக்கொண்டு மகளை முன் ஸீட்டில் ஏற்றிப்போவார்.

"அடுத்த வாரம் கூடைப்பந்து ஆடுறியாம்மா?" என்று கேட்டார் சார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சார் திடீர்னு?"

சார் பேராசிரியை வருவதைச் சொன்னார். சொல்லும்போதே அசடு வழிந்தது.

"என்னை வச்சு நீங்க பாஸ் பண்ணப் போறீங்களா சார்?"

பளீரென்று அறைந்த மாதிரி இருந்தது. வேறு யாராவது கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். இந்தப் பெண்ணிடம் மழுப்ப மனசு வரவில்லை. "ஆமாம்மா. பாதி அதுக்குத்தான். மீதிப் பாதி, உன்னை இத்தனை நாளா வாட்ச்மேன் மாதிரி உட்கார வச்சிட்டேனேன்னு இப்பதான் எனக்கு உறைக்குது. தப்பு என்னுதுதான்."

அவள் சக்கரத்தின் ரப்பரை நகத்தால் சுரண்டினாள். "வந்தா நிஜமாவே ஆடணும் சார். என்னை நடுவுல நிறுத்தி எல்லாரும் கைதட்டுற மாதிரி இருந்தா, நான் அன்னிக்கு லீவு போட்டுடுவேன்."

"சத்தியமா அப்படி இல்லை."

"பார்ப்போம்" என்றாள் பெரிய மனுஷி மாதிரி.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்பதையே மூன்று விதமாகக் கேட்டார். கடைசியில், "அன்னிக்கு ஒரு நாள் மட்டும். எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு மத்ததைச் சொல்றேன்" என்று இறங்கிவந்தார்.

அந்த நாளும் வந்தது. மழை இல்லை, வெயில் இல்லை, அருமையான காற்று. ஆகவே கணக்கு டீச்சரும் வந்தார்.

"சார், ஒரே ஒரு பாடம்தான்..."

"இன்னிக்கு முடியாது டீச்சர்."

டீச்சர் திகைத்துப்போனார். இந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து அவர் கேட்டதே இல்லை. "என்ன சார், எம்மேல ஏதாவது கோபமா?"

"அய்யோ, கோபமெல்லாம் இல்ல டீச்சர். பரீட்சை."

"பரீட்சையா? புள்ளைங்களுக்கா?"

"எனக்கு."

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? ஒரு பீரியட் எப்படிப் பத்தும்? உங்களுக்கு அடுத்தது என்னோட பீரியட்தானே, அதையும் எடுத்துக்கங்க."

"உங்களுக்குப் பாடம் பாக்கி இருக்கே டீச்சர்?"

"அது எப்பவும் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சேர்ந்து வேலை செய்கிறவர்களை நாம் அரைகுறையாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறோம் என்று சார் நினைத்துக்கொண்டார்.

பேராசிரியை குட்டையாக, கையில் ஒரு நீளக் குடையோடு வந்து சேர்ந்தார். யாரும் நாற்காலி போடுவதற்குள் சிமெண்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆடுகளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரை, இரண்டு கம்பங்கள், அதில் ஒன்றின் வளையம் கொஞ்சம் கோணல்.

இப்போது நம்ம சார் ஒரு காரியம் செய்தார் பாருங்கள். சத்தியம் பண்ணியிருந்தாரே, அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு விதி யோசித்து வைத்திருந்தார். "பந்து ஒரு தடவையாவது மேனேஜர் கைக்குப் போயிட்டு வந்தாத்தான் கூடையில போடலாம். புரியுதா?"

"புரியுது சார்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நன்றாகவே புரிந்திருந்தது. பந்து யார் கைக்கு வந்தாலும் ஓடிவந்து அவள் முன்னால் நின்று, பச்சைக் குழந்தையைக் கைமாற்றுகிற மாதிரி மெதுவாக அவள் மடியில் வைத்தார்கள். அவள் திருப்பிக் கொடுத்ததும், "தேங்க்ஸ் மேனேஜர்" என்று வாங்கிக்கொண்டு ஓடினார்கள். எதிர் அணியும் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டது. ஒரு பெண் கைதட்டிக்கூட வைத்தாள்.

மேனேஜரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. சார் அதைப் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த பேராசிரியை அவரைப் பார்ப்பதையும் பார்த்தார்.

அடுத்த முறை பந்து மடிக்கு வந்ததும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி விர்ரென்று கம்பத்தை நோக்கிப் பாய்ந்தாள். வழியில் நின்றவன் வகுப்பிலேயே நெட்டையன். சக்கரம் அவன் முழங்காலுக்குக் கீழே 'ணங்' என்று இடித்தது.

"ஆ! ஃபவுல் சார்!" என்று கத்தியவன், இடித்தது யார் என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டான். "பரவாயில்ல சார், வலிக்கல" என்றான், காலைத் தேய்த்துக்கொண்டே.

சாரும், "பரவாயில்ல, ஆடுங்க ஆடுங்க" என்றார்.

இந்தப் 'பரவாயில்ல' அவள் காதில் விழுந்ததும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே! திட்டியிருந்தால்கூடத் தேவலை. மறுபடி பந்தைப் பிடுங்கினாள், மறுபடி அதே நெட்டையனைப் பார்த்து வண்டியை விட்டாள். இந்தத் தடவை வேண்டுமென்றே. அவன் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாருக்கு ஒரு நொடிதான் கிடைத்தது. விசில் ஊதினால் பேராசிரியை முன்னால், நடக்க முடியாத பெண்ணை, முதல் நாளே தண்டித்த வாத்தியார் என்று ஆகும். ஊதாவிட்டால்? ஊதாவிட்டால் அவள் மறுபடியும் மரத்தடிக்கே போய்விடுவாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நீளமாக ஊதினார்.

"ஃபவுல்! ஆளை இடிச்சிட்டே. பந்து எதிர் அணிக்கு!"

ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது.

"நான் எங்க சார் இடிச்சேன்?" என்று கிளம்பியது அவள் குரல். "அவன்தான் குறுக்க வந்து நின்னான்! முதல் தடவை இடிச்சப்போ விட்டுட்டு இப்போ மட்டும் ஊதறீங்க?"

"முதல் தடவையும் ஃபவுல்தான். நான் ஊதாதது என் தப்பு."

"அப்போ அதை ஏன் ஊதல? அவ அணிக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா சார்?" என்று நெட்டையன் எழுந்து நின்று சண்டைக்கு வந்தான். "ஏய், அவ மேல தப்பே இல்ல" என்று இன்னொருத்தி அவனைத் தள்ளினாள். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். எல்லார் குரலுக்கும் மேலே மேனேஜரின் குரல் கேட்டது. இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய வாய் உண்டு என்று அன்றைக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது.

"அந்த விதியைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றார் சார். "பந்தை மடியில வச்சிக்கிட்டு ரெண்டு தடவை சக்கரத்தைத் தள்ளலாம், அதுக்குள்ள பந்தைத் தட்டணும் இல்ல எறியணும். மத்தபடி எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆடுங்கடா!"

அப்புறம்தான் ஆட்டம் ஆட்டமாக நடந்தது. அவளிடமிருந்து பந்தைப் பிடுங்கினார்கள். அவளும் பிடுங்கினாள். மணி அடித்தது, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் கொடுத்த பீரியடும் கரைந்துகொண்டிருந்தபோது, உருண்டு போன பந்துக்காக அவளும் நெட்டையனும் ஒரே நேரத்தில் பாய, நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்து, அவள் சிமெண்டுத் தரையில் விழுந்தாள்.

சார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். மாடி வராந்தாவிலிருந்து "அய்யய்யோ!" என்று ஒரு குரல். ஹெட்மிஸ்ட்ரஸ்.

முழங்கை நன்றாகச் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் கிடந்தபடியே, "சார், பந்து யாருக்கு?" என்று கேட்டாள்.

பேராசிரியை கிளம்பும்போது குடையால் தரையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க பாடம் மோசம் சார். அந்த விதியை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"நானேதான் மேடம் யோசிச்சேன்."

"நினைச்சேன்" என்றார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஊதினீங்க பாருங்க, அதுக்காக இடம் தர்றேன். சம்மதம் மட்டும் வாங்கி அனுப்புங்க."

ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் வேறு பாட்டு. "சம்மதமா? நல்லா கேட்டீங்க போங்க! கையில ரத்தத்தோட புள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருக்கோம். நாளைக்குக் காலையில அவங்க அம்மாவை வரச் சொல்லியிருக்கேன். அவங்க ஒரு வார்த்தை தப்பாச் சொன்னாலும் சரி, இனிமே அந்தப் பொண்ணு மரத்தடியை விட்டு நகரக் கூடாது. உங்க படிப்பும் இங்க கிடையாது."

மறுநாள்தான் மாதக் கடைசி. நிர்வாகப் படிப்புக்குச் சரி என்று சொல்லக் கெடு.

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்கு இருப்பு கொள்ளவில்லை. "அந்தம்மா வந்து கத்தினா நியாயம்தான். என்ன பதில் சொல்றது?" என்று மனைவியிடம் நாலாவது முறையாகக் கேட்டார்.

"கத்தினா வாங்கிக்கங்க" என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "விளையாட விட்டது நீங்கதானே. ஆனா ஒண்ணு, விட்டது தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணு காதுக்கு அது போகும்."

காலையில் அம்மா வந்துவிட்டார். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கையில் சாவிக்கொத்தோடு, சீருடைச் சட்டையோடு அறைக்குள் வந்தார். ராத்திரி சரியாகத் தூங்காத கண்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்தே நின்றுவிட்டார்.

"ரொம்ப வருத்தப்படுறோம்மா. இனிமே இப்படி நடக்காம..."

"இருங்க மேடம், நான் கொஞ்சம் பேசிடறேன்" என்றார் அம்மா. சார் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஃபவுல்னு ஊதினவரா?"

"ஆமாங்க" என்றார் சார். "விழுந்தது என் பொறுப்புதான். ஆனா அவளை ஆட விட்டது தப்புன்னு என்னால சொல்ல முடியலைங்க."

"நேத்து ராத்திரி பூரா என் காதுல ரத்தம் வராத குறைதான் சார். அது ஃபவுலே இல்லையாம். நெட்டையன் பொய் சொல்றானாம். உங்களுக்குக் கண்ணு தெரியலையாம். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு, படுத்தாலும் அதே பேச்சு." அவர் சாவிக்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "இத்தனை வருஷமா ஸ்கூல் விட்டு வந்தா, என்னடி நடந்துச்சுன்னு கேப்பேன். 'ஒண்ணுமில்லம்மா'ன்னுவா. எப்பக் கேட்டாலும் அதேதான். எனக்கு வேற பதிலே தெரியாது."

ஹெட்மிஸ்ட்ரஸ் மெதுவாக உட்கார்ந்தார்.

"கையில மருந்து போட்டேன். எரியுதும்மா, ஊதும்மான்னு கத்துறா. மத்த புள்ளைங்களோட அம்மாங்க இந்த வயசுக்குள்ள எத்தனை தடவை முட்டியிலயும் முழங்கையிலயும் மருந்து போட்டிருப்பாங்க? எனக்கு இதுதான் சார் முதல் தடவை." குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே சிரித்தார். "அவ அழறா, நான் ஊதிக்கிட்டே சிரிக்கிறேன். ஏம்மா சிரிக்கிறேன்னு அதுக்கு வேற சண்டை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்."

"நான்தாங்க சொல்லணும்" என்று சார் ஆரம்பித்தார். இந்தப் பெண்ணை அவர் மரத்தடியில் உட்கார வைத்திருந்த காலமெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதையெல்லாம் மன்னித்தது போதாதென்று நன்றி வேறு சொல்கிறாரே இந்தத் தாய் என்று நினைக்கும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் செருமினார். "அப்போ... இனிமேலும் விளையாட விடலாம்னு சொல்றீங்களா? மறுபடியும் விழுவாளேம்மா."

"விழுவா மேடம்" என்றார் அம்மா. "வர்ற வழியில மருந்துக் கடையில நிறுத்தினேன். சின்ன பாட்டிலா பெரிய பாட்டிலான்னு கேட்டாங்க. பெரிசாவே வாங்கிட்டேன்."